சாந்தம்மாவின் வலது கன்னம்

முதல் தடவை வலி வந்தபோது சாந்தம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பிலிருந்து அள்ளிய தண்ணீர் வலது கன்னத்தில் பட்டதும், மேல் உதட்டிலிருந்து காது வரைக்கும் கரண்ட் பாய்ந்தது போல ஒரு வெட்டு வெட்டியது. சொம்பு கைநழுவி விழுந்து உருண்டது. அது உருண்டு நிற்பதற்குள் வலியும் நின்றுவிட்டது. கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். வீக்கமில்லை, சூடில்லை. பூச்சி ஏதாவது கடித்திருக்குமோ என்று முந்தானையை உதறிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். 1988, தை மாதம். ஓசூரில் பல் கிட்டிக்கொள்ளும் குளிர்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்த ஊர் கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில். கல்யாணமான புதிதில் அவளும் புருஷன் திம்மப்பனும் அடுத்தவர் காட்டில் களை வெட்டினார்கள், கடலை பிடுங்கினார்கள். சிப்காட்டில் கம்பெனிகள் எழும்பத் தொடங்கியதும் திம்மப்பன் கட்டட வேலைக்குப் போனான். பிறகு கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் லோடு ஏற்றும் ஆளானான். சாந்தம்மாவைக் காய் நறுக்குவதற்காக ஒரு மோட்டார் பாகக் கம்பெனியின் கேன்டீனில் எடுத்தார்கள். அவள் வாயைப் பார்த்த காண்ட்ராக்டர் சீக்கிரமே அவளைப் பரிமாறும் இடத்துக்கு மாற்றிவிட்டார். அடுப்படியில் தெலுங்கு, தட்டோடு வந்து நிற்கிறவர்களிடம் தமிழ், பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஆபீசர்களிடம் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசுவாள். மதுரைப் பையன்களிடம் மதுரைக்காரி மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். வரிசையில் யாராவது முந்தினால் அவள் போடும் சத்தம் மிஷின் சத்தத்தையும் தாண்டி உற்பத்திக் கூடம் வரைக்கும் கேட்கும். திம்மப்பன் அதற்கு நேர்மாறு. ரேஷன் கடையானாலும் சொந்தக்காரர் வீட்டுச் சண்டையானாலும் அவன் பின்னால் நிற்பான், அவள்தான் பேசுவாள். ஒரே மகளை ஊத்தங்கரைப் பக்கம் கட்டிக் கொடுத்தபோது சம்பந்தி வீட்டில் பேசி முடித்ததும் அவள்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாயைத் திறந்தால் வலிக்கும் என்று ஆகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தது. பிறகு நாள் தவறாமல் வந்தது. காலைக் காற்று கன்னத்தில் பட்டால் வரும். பல் தேய்த்தால் வரும். சோற்றை மென்றால் வரும். "சாம்பார்" என்று சொல்ல உதட்டைக் குவித்தால்கூட வரும். வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, கரண்டி பிடித்த கை அப்படியே நிற்க, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வரிசையில் நிற்கிறவர்கள் அவள் கோபித்துக்கொண்டதாக நினைத்தார்கள்.

பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். வலி போகவில்லை என்றதும் அடுத்ததையும் பிடுங்கினார். மூன்றாவதற்கு அவள் போகவில்லை. அதற்குப் பிறகு ஓசூரிலேயே ஒரு பொது டாக்டர் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். "இது பல்லு இல்லம்மா, நரம்பு" என்று சொல்லி ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை வேலை செய்தது. அடுத்த வாரமே அவள் கறிச்சோறு மென்று தின்றாள். கேன்டீனில் பழைய சத்தம் கேட்டது. மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு மாத்திரை தளர்ந்துபோனது. டாக்டர் அளவைக் கூட்டினார். கொஞ்ச நாள் தாங்கியது. மறுபடி கன்னம் வெட்டத் தொடங்கியது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மா, கிருஷ்ணகிரியில் ஒரு நரம்பு டாக்டர் இருப்பதாகச் சொன்னாள். சாந்தம்மா ஊத்தங்கரை பஸ்ஸிலேயே அங்கே போய் இறங்கினாள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொல்லவில்லை. இன்னொருவரிடம் பார்த்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தால் கோபிப்பார், சரியாகப் பார்க்கமாட்டார் என்ற பயம். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேறு நிறம், வேறு பெயர், அட்டையும் வேறு. ஓசூர் டாக்டரின் மாத்திரையையும் விட மனசில்லை. இரண்டையும் சேர்த்தே போட ஆரம்பித்தாள். வலி அடங்கியது. இந்தப் புது மாத்திரைதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று உறுதியாக நம்பினாள்.

அதன் பிறகுதான் தலை சுற்றத் தொடங்கியது. நின்றால் தரை சரிந்தது. நடந்தால் சுவரைத் தேடிக் கை போனது. ஓசூர் டாக்டரிடம் சொன்னபோது அவர் தலைசுற்றலுக்கு ஒன்றும், தூக்கத்துக்கு ஒன்றும் கொடுத்தார். கிருஷ்ணகிரி மாத்திரையைப் பற்றி அவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி, சாந்தம்மா குடிக்கப் பழகிவிட்டாளா என்று திம்மப்பனிடமே கேட்டாள். அவன் வீட்டுக்குள் போய்விட்டான்.

1991 புரட்டாசியில் அந்த விபத்து நடந்தது. கேன்டீனில் அவளோடு பரிமாறும் இருளாயி தேனிப் பக்கத்துக்காரி. அவள் புருஷனுக்கு அதே கம்பெனியில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன்னால், கொதிக்கும் சாம்பார்க் குண்டானை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜைமேல் ஏற்ற வேண்டும். தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்குச் சாந்தம்மா மேஜை விளிம்பு என்று நினைத்து வைத்த இடத்தில் விளிம்பு இல்லை. குண்டான் சாய்ந்தது. இருளாயியின் இடது முழங்காலுக்குக் கீழே சாம்பார் கொட்டியது.

"ஆத்தி! ஆத்தி!" என்று அவள் அலறிய சத்தத்தில் அடுப்படியே வெளியே ஓடிவந்தது. சாந்தம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மூளை சொன்னது. எந்த இருளாயிக்கு ஊற்றுவது என்று தெரியவில்லை. அவள் கண்ணுக்கு இரண்டு இருளாயிகள் தெரிந்தார்கள்.

காண்ட்ராக்டர் அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. மறுபடி காய் நறுக்க அனுப்பினார். அவளால் உட்கார்ந்து நறுக்க முடியவில்லை. இரண்டு வெங்காயம் நறுக்குவாள், எழுந்து கதவு வரை போவாள், திரும்பி வருவாள். வீட்டிலும் அதே கதை. பாயை இந்தச் சுவரோரம் போடுவாள், பிறகு அந்தச் சுவரோரம் இழுப்பாள். இந்த மாத்திரைகள்தான் இருளாயியின் காலில் ஊற்றின என்று தோன்றியதும் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினாள்.

இரண்டாம் நாளே வலி திரும்பி வந்தது. முன்பெல்லாம் வெட்டிவிட்டுப் போய்விடும். இப்போது வெட்டு ஓய்வதற்குள் அடுத்த வெட்டு விழுந்தது. தண்ணீர் குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. எச்சில் ஒழுகியது. திம்மப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவன் மூச்சு படுகிறது என்று கையை ஆட்டி விரட்டினாள். கடைசியில் இரண்டு மாத்திரைகளையும் தானே எடுத்து விழுங்கினாள். வலி மட்டுப்பட்டதும் அழுதாள். அழுகையிலும் கன்னம் இழுத்ததால் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

கம்பெனிக்கு வாரம் ஒரு நாள் வந்து போகும் டாக்டர் இதைக் கேள்விப்பட்டு, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார், பெயர் சௌந்தரராஜன், சேலத்துக்காரர் என்று சொன்னார். "போறப்ப இப்ப நீங்க சாப்பிடற மருந்து எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு விடாம" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் சாந்தம்மாவை உறுத்தியது. எல்லாவற்றையும் காட்டினால் எதையாவது நிறுத்திவிடுவார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கிளம்பும் காலையில் ஓசூர் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். கிருஷ்ணகிரி மாத்திரை அட்டையை இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் மடித்து வைத்தாள். திம்மப்பன் சட்டையை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்தான்.

பெங்களூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார முடியாது, காற்று. முன்னால் உட்கார்ந்தால் கதவுக் காற்று. சால்வையால் தலையையும் கன்னத்தையும் சுற்றிக்கொண்டு நடு வரிசைக்கு மாறினாள். அங்கே ஒருவர் ஜன்னலைத் திறந்ததும் பின்னுக்குப் போனாள். அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ் நின்றபோது கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலும் நாற்காலியில் அவள் உட்காரவில்லை. சுவரைப் பிடித்தபடி தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நர்ஸ் கன்னடத்தில் அதட்டி உட்காரச் சொன்னாள். வேறொரு நாளாக இருந்தால் அதே கன்னடத்தில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் சௌந்தரராஜன் ஒல்லியான மனிதர். எழுதிக்கொண்டே கேட்கிறவர் அல்ல. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வலி எங்க ஆரம்பிக்குது? விரலால தொடாம சும்மா காட்டுங்க."

காட்டினாள்.

"என்ன செஞ்சா வருது?"

"காத்து... மெல்லறது... பேசறது..." அவ்வளவு சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, போதும். நீங்க பேச வேணாம். தலையை ஆட்டுங்க, போதும்."

மஞ்சள் பையில் இருந்த மாத்திரைகளை மேஜைமேல் பரப்பிப் பார்த்தார். பிறகு அவளை எழுந்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அவள் மூன்றாவது அடியில் சாய்ந்து மேஜையைப் பிடித்தாள். தன் விரலை அவள் முன்னால் நீட்டி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடரச் சொன்னார். விரல் ஓரத்துக்குப் போனதும் அவள் கருவிழி அங்கே நிலைக்காமல் துடித்தது. அவர் மறுபடி மாத்திரைகளைப் பார்த்தார்.

"இந்த அளவுக்கு இவ்வளவு தள்ளாட்டம் வரக்கூடாதே. வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? நாட்டு மருந்து, தெரிஞ்சவங்க குடுத்தது, வேற டாக்டர் குடுத்தது?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"பழைய மாத்திரை மிச்சம் ஏதாவது?"

மறுபடியும் தலையாட்டினாள். கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று.

கதவருகே நின்ற திம்மப்பன் தொண்டையைச் செருமினான். "இருக்குதுங்க சார்."

சாந்தம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்குதுங்க. கிஷ்ணகிரி டாக்டரு குடுத்தது. பையில வெக்கல, இடுப்புல வெச்சிருக்கா. போன மாசம் எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தா, தாங்க முடியலீங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான். "அவ கண்ணுக்கு ரெண்டு ரெண்டா தெரியுதுங்க. எங்கிட்டக்கூட சொல்லல. கூட வேல செய்யற இருளாயிதான் சொன்னா. அவ கால் வெந்த அன்னிக்கி, குண்டான தூக்கறதுக்கு முன்னாடி, ‘எதுக்குடி இங்க ரெண்டு மேஜ போட்டாங்க’ன்னு இவ கேட்டாளாம்."

அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மேஜைமேல் இருந்த எதையாவது எடுத்து அவன்மேல் எறிய வேண்டும்போல் இருந்தது. சுருக்குப்பையை அவிழ்த்து அட்டையை மேஜைமேல் போட்டாள்.

டாக்டர் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தார். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார். கோபப்படவில்லை.

"அம்மா, இது ரெண்டும் ஒரே மருந்து. பேரு வேற, செய்யற கம்பெனி வேற. உள்ள இருக்கறது ஒண்ணுதான். ரெண்டு டாக்டரும் உங்களுக்குச் சரியான மருந்துதான் குடுத்திருக்காங்க. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்க ஒரு ஆள் தாங்கற அளவுக்கு மேல சாப்பிட்டுட்டிருக்கீங்க. தலை சுத்தறதும் ரெண்டா தெரியறதும் அதனாலதான். அந்தத் தலைசுத்தலுக்கு இன்னொரு மாத்திரை, தூக்கத்துக்கு இன்னொண்ணு."

சாந்தம்மா வலியைப் பொருட்படுத்தாமல் வாய் திறந்தாள். "அப்ப இருளாயி காலு..."

சொல்லி முடிக்க முடியவில்லை. டாக்டர் அவள் கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்தார்.

"நிறுத்திடுவீங்களா?" என்று அடுத்ததாகக் கேட்டாள்.

"இன்னிக்கே நிறுத்தினா நீங்க தாங்க மாட்டீங்க. போன மாசம் நிறுத்திப் பாத்தீங்கல்ல? கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். இந்த ரெண்டு அட்டையில வெள்ளை மாத்திரை மட்டும் வெச்சுக்கலாம். தலைசுத்தல் மாத்திரை வேணாம். தூக்க மாத்திரையும் மெதுவா விடணும். ரத்தம் பாக்கணும். கொஞ்சம் தெளிஞ்சப்பறம் அந்த நரம்புக்கு ஒரு ஊசி போடுவேன். அது வரைக்கும் புதுசா எந்த மாத்திரையும் தரப்போறதில்ல. இருக்கறது என்னென்ன செய்யுதுன்னு தெரியாம மேல மேல போட்டா எனக்கே குழம்பிடும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை தூரம் வந்ததற்கு ஒரு ஊசி இல்லை, ஒரு மாத்திரை இல்லை. கையில் இருந்ததையும் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். திம்மப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றை மறைத்துக்கொண்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. "காட்டிக் குடுத்திட்டல்ல" என்று மட்டும் ஓசூரில் இறங்கும்போது சொன்னாள்.

மருந்து குறையக் குறையத் தலை தெளிந்தது. கிணற்றடியில் ஒரு காலை அவள் சேந்து கயிற்றைப் பார்த்தாள். ஒரே கயிறாகத் தெரிந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். ஆனால் தெளிந்த தலைக்குள் வலி முன்னைவிடத் துல்லியமாக வந்தது. களியை மெல்லாமல் உருட்டி விழுங்கியே நாட்களைத் தள்ளினாள். கேன்டீனில் கேட்டதற்கெல்லாம் கையால் பதில் சொன்னாள்.

இருளாயி கால் ஆறி வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஆடுசதையில் தோல் சுருங்கிப் பளபளப்பாக இருந்தது. சாந்தம்மா அவள் எதிரில் போகாமல் பாத்திரம் கழுவும் பக்கமாகச் சுற்றிப் போனாள். இருளாயியே ஒரு நாள் வந்து வெங்காயக் கூடைக்கு அந்தப் பக்கம் குந்தினாள்.

"என்னக்கா, என்னயக் கண்டா ஓடுறீக? நானா ஒங்க மேல ஊத்துனேன்?"

சாந்தம்மா தலையைக் குனிந்து நறுக்கினாள்.

"டாக்டரு சொன்னதை எல்லாம் அண்ணன் எங்க வீட்டுல வந்து சொல்லிட்டுப் போனாரு. கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன்க்கா. ராத்திரி எரிச்சல்ல ஒங்கள வஞ்சிருக்கேன். ஆனா மாத்திரை செஞ்ச வேலைக்கு எம்புட்டு நாளு வைய?" என்று சொல்லிவிட்டு, சாந்தம்மாவின் கையிலிருந்த வெங்காயத்தைப் பிடுங்கித் தானே நறுக்கத் தொடங்கினாள். திம்மப்பன் அவள் வீடு வரை போய்ப் பேசியிருக்கிறான் என்பது சாந்தம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊசி போடுவதற்கு மார்கழிப் பிறப்பை ஒட்டி நாள் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம்தான் காவிரித் தகராறு வெடித்தது. பெங்களூரில் கலவரம் என்றார்கள். பஸ்கள் எல்லையோடு நின்றன. அந்தப் பக்கமிருந்து மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் ஆட்கள் ஓசூரில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்திப்பள்ளியில் சாந்தம்மாவின் அக்கா இருந்தாள். அவளைப் பற்றித் தகவல் இல்லை. கேன்டீனில் கன்னடக்கார ஆபீசர்கள் இல்லாத மேஜைகள் காலியாகக் கிடந்தன. எப்போது பாதை திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாந்தம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெங்களூர் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்ப ஒரு மணி நேரத்தில் மறுபடி போவாள். குளிர் காற்று சால்வைக்குள் புகுந்து வெட்டும். நின்று கண்ணை மூடித் திறந்துவிட்டு மறுபடி நடப்பாள். வீட்டில் இருந்தாலும் வலிக்கிறது, நடந்தாலும் வலிக்கிறது. நடக்கும்போது எங்கேயோ போய்ச் சேரப்போவதாக ஒரு நினைப்பாவது இருந்தது.

நாலைந்து நாள் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் அவள் வீட்டில் கிருஷ்ணகிரி மாத்திரையைத் தேடினாள். அரிசிப் பானை, டிரங்குப் பெட்டி, சாமி படத்தின் பின்பக்கம் என்று எல்லா இடமும் கலைத்துப் போட்டாள். இல்லை. திம்மப்பன்தான் வைத்திருக்க வேண்டும் என்று புரிந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் பட்டறைக்கு நடந்தாள்.

அவன் கல் பலகையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். அவளைப் பார்த்ததும் கயிற்றை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டான்.

"வேணாம் சாந்தா. மறுபடி தல சுத்தும்."

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அது வலியாலா கோபத்தாலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"செத்துப் போவட்டுமா?" என்றாள், உதடு அசையாமல்.

அவன் அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். பாகலூர் ரோட்டு மூலையில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. உள்ளே நாலைந்து பேர், பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி விசாரிக்கக் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் நம்பர் இருந்தது. திம்மப்பன் அதுவரை டெலிபோனைக் கையில் எடுத்ததே இல்லை. பூத்துக்காரர் நம்பரைப் போட்டுக் கொடுத்ததும் ரிசீவரை முதலில் தலைகீழாகப் பிடித்தான்.

அந்தப் பக்கம் ஒரு பெண் கன்னடத்தில் பேசினாள். திம்மப்பனும் கன்னடத்திலேயே பதில் சொன்னான். காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "இன்னிக்கிமா அந்தப் பேச்சு?" என்று உரக்கக் கேட்டார். வேறு சமயமாக இருந்தால் திம்மப்பன் போனை வைத்துவிட்டு வெளியே வந்திருப்பான். இப்போது ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு, இன்னும் சத்தமாக, டாக்டர் சௌந்தரராஜனைக் கூப்பிடுங்கள், ஓசூரிலிருந்து, கன்னத்து வலிக்காரம்மாவின் வீட்டுக்காரன் பேசுகிறேன் என்று கன்னடத்தில் சொன்னான். இரண்டு தடவை லைன் அறுந்தது. மூன்றாவது தடவை டாக்டர் வந்தார். திம்மப்பன் தமிழுக்கு மாறினான்.

"சார், பஸ்ஸு இல்லீங்க... ஆமாங்க... தெளிவா நடக்கறா. ரெண்டா தெரியறதில்லீங்க. ஆனா தண்ணி குடிக்க முடியல... எச்சி முழுங்க முடியல... இல்லீங்க, நான் தரல. எங்கிட்டதான் இருக்குது... அர மாத்தரயா? எதுல? வெள்ளையிலதானே? மத்தியானத்துக்கா?... நாளைக்கும் குடுக்கட்டுமா?... சரிங்க. அந்த இன்னொண்ண என்னா பண்ணட்டும்?"

கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தான். சட்டைப் பையிலிருந்த அட்டையைப் பிரித்து, மிச்சமிருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் ஒவ்வொன்றாக அழுத்தித் தள்ளினான். சாந்தம்மா தடுக்கவில்லை. பூத்தில் சத்தம் போட்டவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை நகர்த்தி அவளிடம் தள்ளினார்.

அந்த அரை மாத்திரை வலியைப் போக்கவில்லை. தண்ணீர் குடிக்கும் அளவுக்கு இடம் விட்டது. அதை வைத்துக்கொண்டு அவள் மீதி நாட்களைக் கடந்தாள். அத்திப்பள்ளி அக்காவிடமிருந்து, பயமில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று ஒரு லாரிக்காரர் மூலமாகத் தகவல் வந்தது. பொங்கலை ஒட்டி பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் நாளே போய் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லையைத் தாண்டும்போது எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் எக்ஸ்ரே மிஷினுக்குக் கீழே அவளைப் படுக்க வைத்துக் கன்னத்தின் வழியாக நீள ஊசியை உள்ளே செலுத்தினார். அதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கன்னம் மரத்துப்போகும், அது திரும்பி வராமலும் போகலாம். வலி போனாலும் என்றைக்கும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத் திரும்பலாம். "வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். அவள் கண்ணாலேயே போடச் சொன்னாள்.

ஊசி உள்ளே போனபோது ஒரு வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு வலது பக்கம் மேல் உதடு, மூக்கோரம், கன்னம் எல்லாம் மெல்ல மெல்ல அவளுடையது இல்லாமல் போனது. நர்ஸ் பஞ்சால் தடவினாள். தெரியவில்லை. ஊசி முனையால் தொட்டாள். தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது. சாந்தம்மா படுத்தபடியே காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீரை முகத்துக்குக் கொண்டுபோகும்போது தோள் தானாகச் சுருங்கும். பேச ஆரம்பித்து நடுவில் நிறுத்திப் பார்ப்பாள். வலியில்லாத வாயோடு என்ன செய்வது என்று பழக்கம் விட்டுப்போயிருந்தது. மரத்துப்போன பக்கத்தில் சோறு ஒட்டியிருந்தால் தெரியாது. தன் கன்னத்தைத் தானே கடித்து ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். சில வார்த்தைகள் ஓரமாக வழுக்கின. "ஏங்க, நான் குளறறனா?" என்று திம்மப்பனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம்" என்றான் அவன். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

தூக்க மாத்திரையை விடுவதற்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது. நரம்பு மாத்திரையில் கொஞ்சத்தை டாக்டர் தொடரச் சொன்னார். முதல் ஒரு வருஷம் மாதம் ஒரு தடவை பெங்களூர் போய் வந்தாள். பங்குனியில் காண்ட்ராக்டர் அவளை மறுபடி பரிமாறும் இடத்துக்கு அனுப்பினார். முதல் நாள் குண்டானைத் தூக்க வேண்டிய நேரத்தில் அவள் கை நீட்டாமல் பின்வாங்கினாள். இருளாயி தன் பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கக்கா, மணி அடிக்கப் போகுது."

"வேற யாரையாச்சும் கூப்புடேன்."

"நான் ஒங்களத்தான் கூப்புடுறேன்."

தூக்கினார்கள். மேஜைமேல் வைத்த பிறகும் சாந்தம்மா பிடியை விடாமல் விளிம்பை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். அப்புறம் வரிசை வந்துவிட்டது. யாரோ முந்தினான். அவள் சத்தம் போட்டாள். வார்த்தை ஓரத்தில் வழுக்கியது, பையன்கள் சிரித்தார்கள், அதற்கும் சேர்த்துச் சத்தம் போட்டாள்.

வலி முழுசாகப் போய்விடவில்லை. 1994 மழைக்காலத்தில் மரத்த இடத்தின் ஓரத்தில் உணர்வு திரும்பியது. அதோடு வெட்டும் ஒன்று வந்தது. அன்றைக்கே பஸ் ஏறினாள். டாக்டர் சௌந்தரராஜன் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்தில் ஒரு இளம் பெண் டாக்டர், கன்னடக்காரி. சாந்தம்மா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பையைக் கவிழ்த்து எல்லா அட்டைகளையும் மேஜைமேல் கொட்டினாள். எது எதற்கு, யார் கொடுத்தது, எதை எப்போது நிறுத்தினாள் என்று கன்னடத்தில் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வலி வெட்டியதும் கையை உயர்த்திக் காட்டினாள். கதவருகே நின்ற திம்மப்பன் முன்னால் வந்து, அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.